கீழாநெல்லியைத் திருப்பிப் பார்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுத உட்கார்ந்தால் மழை, மழை விட்டால் கரண்ட் இல்லை. போன வாரக் காற்றில் பின்பக்கத்து ஏத்தன் வாழை நாலும் குலையோடு சாய்ந்துவிட்டன. முட்டுக் கொடுக்கச் சொல்லி வீட்டில் ஒரு மாதமாகச் சொன்னாள், நான்தான் நாளைக் கடத்தினேன். இப்போது மூன்று வேளையும் ஏத்தங்காய்த் துவரன். பேசாமல் தின்றுகொண்டிருக்கிறேன்.

மகளுக்குப் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படிக்க இடம் கிடைத்ததில் உன்னைவிட எனக்குத்தான் சந்தோஷம். ஆனால் புல்லிவட்டம், அல்லிவட்டம், இலையடிச்செதில் என்று நோட்டில் வரிசையாக எழுதி உருப்போடுகிறாள் என்று எழுதியிருந்தாயே, அது சரிப்படாது. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்தியவன் சொல்கிறேன்: செடி கையில் இல்லாமல் படித்த சொல் பரீட்சை முடிந்த சாயங்காலமே போய்விடும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளே போன் செய்தாள். "மாமா, கீழாநெல்லி கூட்டிலைதானே?" என்று ஒரு படமும் அனுப்பினாள். மேலிருந்து எடுத்த படம். வரிசையாகச் சின்னச் சின்ன இலைகள், புளிய இலை மாதிரி. யார் பார்த்தாலும் கூட்டிலை, அதாவது பல சிற்றிலைகள் சேர்ந்த ஒரே இலை, என்றுதான் சொல்வார்கள். நான் பதில் சொல்லாமல், முதலில் ஒரு வேப்பங்கொத்தைப் பறித்துக்கொண்டு வா என்றேன். நாம் வேப்பிலை என்று ஒவ்வொன்றாக உருவுகிறோமே, அவை சிற்றிலைகள். அந்த ஈர்க்கு முழுதும் சேர்ந்துதான் ஒரு இலை. எப்படித் தெரியும்? ஈர்க்கு கிளையோடு சேரும் இடுக்கில் பார்த்தால் ஒரு குட்டி மொட்டு இருக்கும், கோணமொட்டு. சிற்றிலையின் அடியில் எவ்வளவு தேடினாலும் மொட்டு கிடையாது. மொட்டு எங்கேயோ அங்கே இலை தொடங்குகிறது. அவ்வளவுதான் கணக்கு.

"இப்ப கீழாநெல்லியைத் திருப்பிப் பாரு" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "மாமா, ஒவ்வொரு இலைக்கு அடியிலயும் காய் தொங்குது!" காய் இருக்கிறது என்றால் முன்னால் பூ இருந்தது, பூ இருந்தது என்றால் அது இலைக்கோணம், இலை கிளையோடு சேர்ந்து மொட்டு விடும் இடுக்கு. அப்படியானால் சிற்றிலை என்று நினைத்த ஒவ்வொன்றும் முழு இலை, கூட்டிலை என்று நினைத்தது ஒரு சிறு கிளை. இதைக் கண்டுபிடிக்க லத்தீன் வேண்டியதில்லை. கீழ்க்காய்நெல்லி என்று பேர் வைத்தவன் செடியைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வைத்திருக்கிறான். இன்னொன்றும் பார்க்கச் சொன்னேன்: காய் சின்னக் காம்பில் வழவழப்பாகத் தொங்கினால் நம்முடைய கீழாநெல்லி, காம்பே இல்லாமல் சொரசொரப்பாக ஒட்டிக்கொண்டிருந்தால் அதன் சிவந்த தண்டுப் பங்காளி. இரண்டும் ஒரே வயலில் நிற்கும். பறிக்கிறவர் கவனிக்காவிட்டால் கடைச் சரக்கில் இரண்டும் கலந்துதான் வரும். நானே ஒருமுறை அப்படி ஒரு பொட்டலத்தைக் காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறேன்.

கிழங்கு என்ற சொல்தான் அவளை அதிகம் குழப்பப்போகிறது. மண்ணுக்கடியில் பருத்திருந்தால் நமக்கு எல்லாம் கிழங்குதான். மஞ்சளை எடுத்து விரலால் தடவச் சொல். வளையம் வளையமாகத் தட்டுப்படும். ஒவ்வொன்றும் ஒரு கணு, செதில் இலை இருந்த தடம். கணு இருந்தால் அது தண்டு. இஞ்சியும் அப்படித்தான். தண்ணீர்விட்டான் கிழங்கில் கணுவைத் தேடினால் கிடைக்காது, அது வேர். அமுக்கிராவும் வேர். இது வெறும் பேர்ச்சண்டை இல்லை மக்கா. மஞ்சளை ஒடித்து ஒரு கணுவைத் திரும்பப் புதைத்தால் முளைக்கும். தண்ணீர்விட்டான் வேரை மட்டும் வெட்டிப் புதைத்தால் மக்கிப் போகும், மேலே குருத்தோடு கொஞ்சம் விட்டுவைத்தால்தான் அடுத்த வருஷம் கொடி இருக்கும்.

கண்வலிக்கிழங்கு ஒன்றை மட்டும் பயத்தோடு படிக்கட்டும். செங்காந்தள்தான். நம் மாநிலப் பூ. கிழங்கிலும் விதையிலும் கோல்சிசின் என்ற விஷம் உண்டு. உண்ணும் கிழங்கென்று தின்று செத்தவர்கள் இருக்கிறார்கள். பூக்காத காலத்தில் எப்படி அடையாளம் காண்பாள்? இலை நுனியைப் பார்க்கணும். நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி வேலியைப் பிடித்திருக்கும். கிழங்கைத் தோண்டினால் கலப்பை போல வளைந்து இருக்கும். கலப்பைக்கிழங்கு என்ற பேர் அதனால்தான்.

லத்தீன் பெயர் வாயில் நுழையவில்லை என்று அழுகிறாளாமே. ஆடாதோடையின் பெயர் ஜஸ்டிசியா அடாதோடா, 1753இல் லின்னேயஸ் வைத்தது. அதில் பாதி நம் பக்கத்துப் பேச்சு. மொரிங்கா என்றால் முருங்கை. வெட்டிவேரைக்கூட விடவில்லை, வெட்டிவேரியா என்று ரொம்ப நாள் அழைத்தார்கள். அப்புறம் அந்த இலையடிச்செதில். ஆவாரங்கொப்பு ஒன்றை ஒடித்து, இலைக்காம்பு சேருமிடத்தைக் காட்டு. இரண்டு பக்கமும் பச்சையாகக் காது மடல் மாதிரி விரிந்திருக்கும். அதுதான் இலையடிச்செதில். சென்னா ஆரிக்குலேட்டா என்ற ஆவாரையின் பேரில் ஆரிக்குலேட்டா என்றால் 'காதுள்ளது'. இரண்டு சொல்லும் ஒரே கொப்பில் முடிந்தது பார்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, உங்கள் வீட்டு உத்திரத்துக்கு உன் அப்பா பனை அறுத்தபோது நாம் மரத்தூளில் உட்கார்ந்திருந்தோமே. வெளியே கறுப்பாக வைரம், அதாவது கெட்டிக் கட்டை; உள்ளே மெத்தென்று சோறு. அதைத்தான் தொல்காப்பியம் மரபியலில் 'புறக்காழனவே புல்' என்கிறது. காழ் என்றால் வைரம். பனையும் மூங்கிலும் புல். உள்ளே வைரம் பாய்ந்த தேக்கு, வேம்பெல்லாம் அகக்காழ், மரம். பனை மாதிரி ஒருவித்திலை, வேம்பு மாதிரி இருவித்திலை என்று வகுப்பில் நான் நடத்தும்போதெல்லாம் அந்த அறுவை வாளின் சத்தம் காதில் கேட்கும்.

இத்துடன் என் பழைய கைலென்ஸை அனுப்புகிறேன், பத்து மடங்கு காட்டும். விளிம்பில் ஒரு சில்லு போயிருக்கிறது, பார்வைக்கு இடைஞ்சல் இல்லை. கண்ணோடு ஒட்டிப் பிடித்துச் செடியை அதற்குப் பக்கத்தில் கொண்டுவரணும், லென்ஸைச் செடிப்பக்கம் நீட்டக்கூடாது. எல்லாப் பிள்ளைகளும் முதல் நாள் அப்படித்தான் செய்வார்கள். தை பிறந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு வா. மருத்துவாழ்மலைக்குப் போவோம். என் முட்டு பாதி வரைதான் ஏறும், மீதிக்கு அவளை அனுப்பிவிட்டு நாம் கீழே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம். வரும்போது உன் பக்கத்துச் சின்ன வெங்காயம் இரண்டு கிலோ வாங்கி வா, இங்கே விலை கேட்கவே பயமாக இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்