பிரித்துக் கொடுக்கும் குப்பையைக் கலக்காமல் எடுத்துச் செல்லக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்: சுற்றுச்சூழல் குழு மாணவ மாணவியர், பல்கலைக்கழக விடுதிகள், சேர்வராயன் மலை அடிவாரம், சேலம்.

பெறுநர்: உயர்திரு அலுவலர் அவர்கள், திடக்கழிவு மேலாண்மைப் பிரிவு, சேலம்.

பொருள்: மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் தனித்தனியாக எடுக்க ஏற்பாடு செய்ய வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: எங்களுடைய முந்தைய மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

ஆடியில் ஒரு மனு கொடுத்தோம், தீபாவளிக்கு முன்னால் ஒன்று, பொங்கல் லீவு முடிந்து வந்ததும் இன்னொன்று. மூன்றுக்கும் சீட்டு கொடுத்தார்கள், பதில் வரவில்லை. குப்பை வண்டி எந்த கேட்டில் வந்து நிற்கிறது, பின்மதிலை ஒட்டி மலையிலிருந்து இறங்கும் ஓடை எங்கே திரும்புகிறது என்பதெல்லாம் தங்களுக்கு நன்றாகத் தெரியும், ஏற்காடு போகிறவர்கள் பலரும் கடக்கிற வழிதான். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

1. இரண்டு வருடமாக விடுதிகளில் நாங்களே குப்பையைப் பிரிக்கிறோம். காய்கறித் தோலும் இலைச்சருகும் எங்கள் உரக்குழிகளுக்குப் போகின்றன, அந்த உரத்தில்தான் வளாகத்துப் புங்கன் கன்றுகள் வளர்கின்றன. இதற்காக யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

2. குழியில் கொள்ளாத மெஸ் மிச்சம் பச்சைத் தொட்டியில், பிளாஸ்டிக்கும் காகிதமும் நீலத் தொட்டியில், பல்பு, பேட்டரி தனியாக. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொன்ன மூன்று பிரிவு இதுதான். பிரித்துக் கொடுப்பது எங்கள் கடமை, பிரித்ததைப் பிரித்தபடியே வாங்கிப் போவது உள்ளாட்சியின் கடமை.

3. பால் கவரைப் பற்றிச் சொல்ல வேண்டும் ஐயா. மூலையில் வெட்டும் துண்டு தனியாக விழுந்துவிடாமல் பார்த்து வெட்டி, ஒவ்வொரு கவரையும் அலசி, மொட்டை மாடிக் கொடியில் கிளிப் போட்டுக் காய வைத்து, காய்ந்ததும் அடுக்கிக் கட்டி வைக்கிறார்கள் எங்கள் மாணவிகள், பரீட்சை நாளில்கூட முறை தவறுவதில்லை. காலை ஆறரைக்கு வண்டி வருகிறது. அந்தக் கட்டு உள்ளே விழுகிறது, அதன் மேலேயே பச்சைத் தொட்டியைக் கவிழ்க்கிறார்கள், நேற்றைய சாம்பாரும் மோரும் கவர்களுக்கு நடுவே இறங்கி வண்டிக்கு அடியில் சொட்டுகிறது. அலசியவள் அங்கேயே நின்று அதைப் பார்க்கிறாள். மாம்பழ சீசனில் கொட்டையும் தோலும் அழுகி அதோடு சேர்ந்தால் கிட்டே நிற்கவே முடியாது, அதற்குப் பிறகு எந்தப் பழைய சாமான் கடைக்காரர் அதை வாங்குவார்? வண்டியில் வரும் அண்ணனைக் குறை சொல்ல மாட்டோம். ஒரே தொட்டி, நடுவில் தடுப்பு கிடையாது. "நான் என்னம்மா பண்ணட்டும், மேல சொல்லுங்க" என்கிறார். மேலே என்றால் தாங்கள்தானே ஐயா!

4. கலந்த குப்பையில் ஒரு பங்கு பின்மதிலுக்கு வெளியே ஓடைக்கரையில் கிடக்கிறது, ராத்திரியில் எரிகிறது. புகை விடுதி ஜன்னலுக்குள் வருகிறது. மழை பெய்தால் மிச்சம் அடித்துக்கொண்டு போய்த் திருமணிமுத்தாற்றில் சேர்கிறது. மாசி, பங்குனியில் மலையே காய்ந்து கிடக்கும்போது அடிவாரத்தில் நெருப்பு வைப்பது எவ்வளவு ஆபத்து என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

5. போன வாரம் முதலாமாண்டுப் பெண் ஒருத்தி கேட்டாள், "எப்படியும் ஒண்ணாத்தானே கொட்டப் போறாங்க, எதுக்குக்கா அலசணும்?" நாங்கள் என்ன சொல்வது ஐயா? நீங்களே சொல்லுங்கள். விழிப்புணர்வுப் பேரணி என்றால் எங்களைக் கூப்பிடுகிறார்கள், மஞ்சப்பையோடு வெயிலில் வந்து நிற்கிறோம், உறுதிமொழி எடுக்கிறோம். எடுத்த உறுதிமொழியைத் தினமும் செய்தும் காட்டுகிறோம், அதை ஒரு நிமிடத்தில் கலந்துவிட்டுப் போகிறார்கள். தொட்டி பக்கம் வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் இப்போது வருவதில்லை. அவர்களைக் கோபித்துக்கொள்ள எங்களுக்கு மனது வரவில்லை.

6. திரும்பவும் அதேதான் கேட்கிறோம். வண்டிக்குள் ஒரு தடுப்புப் பலகை. அது முடியாதென்றால் மக்கும் குப்பைக்கு ஒரு நாள், மக்காத குப்பைக்கு மறுநாள் என்று மாற்றி மாற்றி வரச் சொல்லுங்கள், அதற்குப் புது வண்டி தேவையில்லை, ஒரு உத்தரவு போதும். ஓடைக்கரையில் எரிப்பதை நிறுத்துங்கள்.

ஒரே ஒரு நாள் காலை ஆறரைக்கு எங்கள் கேட்டுக்கு வந்து வண்டி பக்கத்தில் நின்று பாருங்கள் ஐயா. தயவுசெய்து வாருங்கள். கட்டு கட்டி வைத்திருப்போம்.

இப்படிக்கு,
சுற்றுச்சூழல் குழு மாணவ மாணவியர்