ஆண்டறிக்கை: அலங்கார ஓடுகள் காட்சியறைப் புதுப்பிப்பு

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவிற்கு வருகை தந்துள்ள உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தருமபுரியில் நமது சங்கக் கட்டடத்தின் மாடியில் இயங்கிவரும் சிறு அருங்காட்சியகத்தில், சுவரிலும் தரையிலும் பதிக்கும் அலங்கார ஓடுகளுக்கான பிரிவைப் புதுப்பித்ததே இவ்வாண்டின் முதன்மைப் பணி என்பதால், அதனையே விரிவாகப் பதிவு செய்கிறேன்.

இதுவரை ஓடுகள் நாடுவாரியாக அலமாரிகளில் அடுக்கப்பட்டிருந்தன. பார்வையாளர்கள் நாட்டின் பெயரைப் படித்துவிட்டு ஓட்டைப் பாராமலே நகர்ந்துவிடுவது வழக்கமாக இருந்தது. ஆகவே, ஓட்டில் நிறம் எவ்வாறு பிடிக்கிறது என்ற செய்முறையின்படி அவற்றை வரிசைப்படுத்தச் செயற்குழு முடிவு செய்தது. நாடுவாரி வரிசையே மாணவர்களுக்கு எளிது என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் வாதிட்டதிலும் நியாயம் இருந்தமையால், வாசலருகே உலகப்படம் ஒன்றும் மாட்டப்பட்டுள்ளது.

நம்மிடம் உள்ளவை பெரும்பாலும் வெளிநாடு சென்றுவந்த உறுப்பினர்கள் அளித்தவை. பழைய முறையில் அண்மைக் காலத்தில் செய்யப்பட்டவை என்பது விளக்க அட்டைகளில் வெளிப்படையாகவே எழுதப்பட்டுள்ளது. துருக்கியின் இஸ்னிக் நகரம் 16ஆம் நூற்றாண்டில் புகழ்பெற்றதற்கு அதன் சிவப்பு நிறம் ஒரு முக்கியக் காரணம். இரும்புச்சத்து மிகுந்த களிமண்ணைத் தடிப்பாகப் பூசுவதால், அந்த முறையில் செய்த ஓட்டை விரலால் தடவினால் நீலம் வழுவழுப்பாகவும் சிவப்பு மட்டும் சற்றே மேடாகவும் தட்டுப்படும். இந்த ஓர் ஓட்டைத் தொட்டுப் பார்க்க அனுமதித்திருக்கிறோம். பள்ளிப் பிள்ளைகள் அங்கேதான் கூடி நிற்கிறார்கள்.

அடுத்து, வெள்ளீய ஆக்சைடு கலந்த வெண்மெருகின் (சூளையில் சுட்டபின் கண்ணாடி போலப் பளபளக்கும் வெண்பூச்சின்) மேல் நீலம் தீட்டும் போர்ச்சுகல் வகையும் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகர வகையும். இவற்றைத் தனி ஓடுகளாகக் காட்டுவதில் பொருளில்லை என்பது என் கருத்து. போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனில், 1509இல் நிறுவப்பட்ட கன்னியர் மடத்தில் அமைந்த தேசிய ஓட்டு அருங்காட்சியகத்தில், 1755 நிலநடுக்கத்திற்கு முந்தைய அந்நகரின் தோற்றம் சுமார் 23 மீட்டர் நீளத்திற்கு ஓடுகளிலேயே தீட்டப்பட்டிருக்கிறது. அதன் ஒரு பகுதியின் நிழற்படத்தை இங்குச் சுவர் முழுவதும் ஒட்டியுள்ளோம்.

மிகுந்த விவாதத்திற்கு உள்ளானது தரை ஓட்டுப் பகுதியே. இங்கிலாந்தின் மின்டன் ஆலை 19ஆம் நூற்றாண்டில் செய்த பதிகளிமண் ஓடுகளில் கோலம் மேலே தீட்டப்படுவதில்லை. வேறு நிறக் களிமண்ணைக் குழியில் ஊற்றிச் சூளையில் சுடுவார்கள். நமது ஆத்தங்குடி ஓட்டுக்குச் சூளையே கிடையாது. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டுக் குழம்பை அச்சில் ஊற்றி, பின்புறம் சிமெண்டும் மணலும் இட்டு, நீரில் ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள். இரண்டிலும் நிறத்திற்குக் கனம் உண்டு என்பதால் தலைமுறைகள் நடந்தாலும் கோலம் எளிதில் அழிவதில்லை. எனவே இவ்விரண்டையும், கிருஷ்ணகிரியில் இடிக்கப்பட்ட பழைய வீடொன்றிலிருந்து கிடைத்த பூவேலைச் சிமெண்டு ஓடுகளையும், அலமாரியில் வைக்காமல் தரையிலேயே பதித்து, ஓரத்தில் கயிறு கட்டியுள்ளோம். மெருகில் கண்ணைக் கூசச் செய்த மேல்விளக்குகளும் பக்கவாட்டிற்கு மாற்றப்பட்டன.

வழக்கமான மாதக் கூட்டங்கள் தடையின்றி நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். வரும் ஆண்டில், கொச்சி பரதேசி யூத ஆலயத்தின் தரையிலுள்ள, சீனத்தில் கையால் தீட்டப்பட்ட நீல வெள்ளை ஓடுகளைக் காண ஒரு பயணம் மேற்கொள்ளவும், நம் இரு மாவட்டங்களில் இடிபடும் வீடுகளின் ஓடுகளை உரிமையாளர் இசைவுடன் பெற்றுச் சேமிக்கவும் செயற்குழு பரிந்துரைக்கிறது.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்