புழு சாகவில்லை, கூடும் கட்டவில்லை: அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பட்டு வளர்ப்பையும் வேளாண்மையையும் கவனிக்கும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

உடுமலைப் பக்கம் புழு கூடு கட்டாமல் போவது உங்களுக்குப் புதுச் செய்தி அல்ல. மனுக்கள் உங்கள் மேசையிலேயே இருக்கும். எங்கள் புழு மனையில் இந்தத் தடவை வளர்த்த பேட்சும் அப்படியே போய்விட்டது; பக்கத்துத் தோட்டத்தில் அடிக்கும் பூச்சிமருந்துதான் காரணம் என்று நம்புவதால் எழுதுகிறேன்.

நான்காவது தோலுரித்து ஏழெட்டு நாளில் புழு இலையை விட வேண்டும். உடம்பு சுருங்கி, கண்ணாடிபோலத் தெளிந்து, தலையைத் தூக்கி இடம் தேட வேண்டும். எங்கள் புழுக்கள் பத்து நாள் தாண்டியும் தின்றுகொண்டே இருந்தன. வெள்ளை வெளேரென்று பருத்தன. தோட்டத்து இலை தீர்ந்து, விலைக்கு வாங்கிப் போட்டோம். கூடு கட்ட விடும் நெட்ரிகா தட்டில் விட்டால் பாதி கீழே இறங்கிவிட்டது. மீதி, நூலைப் பாய்போலப் பரப்பிவிட்டுக் கிடந்தது. செத்திருந்தால் குழி வெட்டிப் புதைத்திருப்போம். உயிரோடு வாயசைக்கிற புழுவை என்ன செய்ய? கடைசி நாள் வரை இலை போட்டோம்.

உங்கள் தரப்பில் வந்து பார்த்தவர், சுண்ணாம்பு தூவினீர்களா, மனையைக் கழுவினீர்களா என்று கேட்டார். எல்லாம் செய்தோம் ஐயா. இது சுண்ணாம்பில் தீரும் நோய் இல்லை. புழுவின் உடம்பில் இளமை ஹார்மோன் குறைந்தால்தான் அது நூல் நூற்கும். வெள்ளை ஈக்கு அடிக்கும் பைரிப்ராக்சிபென் அதே ஹார்மோன்போல வேலை செய்யும். காற்றில் வந்து மல்பெரி இலையில் படியும் துளி புழுவைக் கொல்லாது. தினமும் கொஞ்சம் உள்ளே போய், இன்னும் நீ குட்டிதான் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். இத்தாலியில் பழத்தோட்டங்களில் தெளித்த, இதே வகை மருந்தான ஃபெனாக்சிகார்பால் இதே கதை சென்ற நூற்றாண்டிலேயே நடந்தது.

பக்கத்துக் கத்தரித் தோட்டத்துக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வெள்ளை ஈ அவரையும் விடவில்லை. கடையில் கொடுத்ததை அடித்தார். அருகில் மல்பெரி இருக்கிறதா என்று கடையில் யாரும் கேட்கவில்லை.

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: மல்பெரி உள்ள வட்டாரங்களில் இந்த மருந்தின் விற்பனையை நிறுத்துங்கள். 1968 பூச்சிமருந்துச் சட்டத்தின் 27ஆம் பிரிவில் மாநில அரசே 60 நாள் வரை தடை போடலாம். 60 நாள் என்றால் எங்களுக்கு இரண்டு பேட்ச். அதற்குள் இலையையும் புழுவையும் ஆய்வகத்துக்கு அனுப்பி, மருந்தின் எச்சம் இருக்கிறதா பாருங்கள். நோய்க்கிருமியை மட்டும் தேடிவிட்டு 'பராமரிப்புக் குறைபாடு' என்று எழுதி அனுப்பாதீர்கள்.

மானியத்தில் மனை கட்டச் சொன்னீர்கள், கட்டினோம். மானியத்தில் மல்பெரி நடச் சொன்னீர்கள், நட்டோம். பக்கத்து வயலுக்கும் ஏதாவது மானியத் திட்டத்தில் இந்த மருந்தே வராமல் இருந்தால் சரி. கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முட்டைக்குப் பணம் கட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது. அதற்கு முன் மல்பெரி வட்டாரங்களில் விற்பனையை நிறுத்தி உத்தரவு போடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உடுமலை வட்டாரப் பட்டுப்புழு விவசாயி ஒருவர்