ஞாயிற்றுக்கிழமைச் சொதி பற்றி உங்களுக்கு ஒரு விளக்கம்

வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

அம்பாசமுத்திரம் ஆற்றங்கரையில், நெல் அவித்துக் காயப்போட்ட பழைய ரைஸ்மில் களத்தில் உட்கார்ந்து, என் அப்பா காலத்திலிருந்து எங்கள் சாப்பாட்டுக் கடையில் சாப்பிடுகிறவர்கள் நீங்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்: ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போடுகிற சொதி, அதாவது தேங்காய்ப்பாலில் பருப்பும் காயும் வேகவைக்கிற குழம்பு.

மூன்று வாரமாக வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. எங்கள் கடைக் கொல்லையில் கிடந்த காலி பால் கவர்கள். கூடவே, 'சொதிக்குப் பாக்கெட் தேங்காய்ப்பால் ஊற்றுகிறார்கள்' என்று ஒரு வாய்ஸ் மெசேஜ். அண்ணாச்சி, அவை பாயசத்துக்கும் காபிக்கும் வாங்கிய பசும்பால் கவர்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலே தெரியும். சொதிக்கு இன்றைக்கும் தேங்காய் துருவித்தான் பால் எடுக்கிறோம். காலை ஆறு மணிக்கெல்லாம் என் மனைவியும் மதினியும் துருவ உட்கார்ந்துவிடுவார்கள். மூன்றாம் பாலில் பாசிப்பருப்பு, இரண்டாம் பாலில் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் வேகும். முதல் பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிடுவோம். எலுமிச்சைச் சாறு அப்புறம்தான். மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற சொதி இது. இதில் பாக்கெட் பாலை ஊற்ற எங்களுக்கு எப்படி மனசு வரும்?

ஆனால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சொதி திரிந்து, நீர்த்துப் போனது உண்மை. அடுப்படியைப் பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி முழங்கால் வலியால் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். புதிதாக வந்த தம்பி முதல் பாலைக் கொதிக்க விட்டுவிட்டார். கல்லாவில் கூட்டம் என்று நானும் ருசி பார்க்கவில்லை. தப்பு என்னுடையது. அன்றைக்குச் சாப்பிட்டவர்கள் மன்னிக்க வேண்டும். இப்போது மதினியே சொதிச் சட்டியருகே நிற்கிறார். இறக்கியதும் நான் ஒரு கரண்டி குடித்துப் பார்த்த பிறகே பந்திக்கு வருகிறது.

2025இல் தேங்காய் விலை ஏறிய ஏற்றம் உங்கள் வீட்டிலும் தெரிந்திருக்கும். அப்போதும் அம்பை 16 அரிசியையோ கல்லிடைக்குறிச்சி அப்பளத்தையோ நாங்கள் மாற்றவில்லை. அதனால் அடுத்த மாதத்திலிருந்து சாப்பாடு 150 ரூபாய்க்குப் பதில் 180, ராத்திரிச் சாப்பாடு போடுவது இப்போதைக்கு இல்லை.

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்தபோது களம் முழுக்க முழங்கால் சகதி. கூப்பிடாமலே மண்வெட்டியோடு வந்தீர்கள். பாத்திரங்களைக் கழுவி அடுக்கியது உங்கள் வீட்டுப் பெண்கள். அந்த நன்றி எங்களுக்கு என்றைக்கும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் அந்தப் படத்தை நம்பிவிடுவார்களோ என்றுதான் இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

வருகிற ஞாயிறு கொஞ்சம் முன்னதாகவே வாருங்கள். அடுப்படிக் கதவு திறந்தே இருக்கும், தேங்காய் துருவுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு இலைக்கு உட்காரலாம்.

அன்புடன்,
கடைக்காரர், குடும்பத்தார்