கடல் காற்றும் கூரைச் சோலாரும்

அன்பின் சிவா,

பேத்தி பிறந்த சந்தோஷத்தில் நீ இப்போது தரையில் நடக்கமாட்டாய் என்று மனிசி சொல்லிச் சிரிக்கிறாள். இங்கே எல்லோரும் சுகம். வெள்ளவத்தை பிளாற்றை விட்டுக் கொழும்புக்குப் பக்கத்தில் தெஹிவளைக்கு வந்த பிறகு எனக்கென்று ஒரு கூரை கிடைத்திருக்கிறது. அதில் 5 கிலோவாற் சோலாரும் பூட்டியாயிற்று. வெயில் காலத்தில் மாதத்துக்கு 550 யூனிட்டுக்கு மேல் வருகிறது.

எந்தப் பனல் நல்லது என்று கேட்டிருந்தாய். வடக்கே பருத்தித்துறையில் கடலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு முதலில் கேட்க வேண்டியது அது இல்லை மச்சான். பனலுக்கு மேல் கண்ணாடி, உப்பு அதை லேசில் ஒன்றும் செய்யாது. கறள் பிடிப்பது கீழே உள்ள சட்டமும் போல்ட்டும்தான். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் பனல் புதுசு போல மினுங்குகிறது, அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப் எல்லாம் கறளேறிச் செம்மண் நிறம். அலுமினியச் சட்டத்தில் சாதாரண இரும்பு போல்ட்டைப் போட்டு, நடுவில் உப்பீரமும் சேர்ந்தால் அரிப்பு இன்னும் வேகம். ஆகவே அலுமினியம் அனோடைஸ் செய்ததா (அரிக்காமல் இருக்க மேற்பரப்பைப் பதப்படுத்துவது), போல்ட் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று கேள். 304 என்ற ரகம் கடலோரத்துக்குப் போதாது. பனலுக்கு ஐ.ஈ.சி. 61701 என்ற உப்புப் பரிசோதனைச் சான்று இருக்கிறதா என்றும் பார். இரண்டு பனல் குறைந்தாலும் பரவாயில்லை, அந்தக் காசை இதில் போடு.

பனலில் வரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் பெட்டிதான் இன்வேட்டர். அதைக் கடல் பக்கச் சுவரில் பூட்ட விடாதே.

பனலின் சரிவு இன்னொரு விஷயம். கொழும்பு பூமத்திய ரேகைக்குக் கிட்டத்தட்ட 7 பாகை வடக்கில்தான் இருப்பதால் பனலைப் படுக்கையாகப் போட்டாலும் வெயில் விழும். ஆனால் மழைத் தண்ணீர் ஊத்தையைக் கழுவிக்கொண்டு ஓட 10 பாகையாவது வேண்டும். எங்களுக்குச் சோளகக் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, உப்பைக் கொண்டு வந்தால், கூடவே மழையும் வந்து கழுவிவிடும். உங்களுக்கு அப்படியில்லை. சோளகம் வீசும் மாதங்கள்தான் அங்கே மழையில்லாத காலம், ஐப்பசி வரை உப்பு கண்ணாடியிலேயே கிடக்கும். நீதான் கழுவ வேண்டும். உவர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், நல்ல தண்ணீரில், வெயில் ஏறுமுன். சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் வெடிக்கக்கூடும்.

கரண்ட் நின்றாலும் உன் வீட்டில் லைற் எரியும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. லைனில் வேலை செய்கிறவர்களுக்கு ஆபத்து வராமல் இருக்க, கரண்ட் போனவுடன் இன்வேட்டரும் தானாக நின்றுவிடும். 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு செய்த வேலையால் நாடே இருண்டதே, அன்று முற்பகல் வெயிலிலும் பனல் வைத்த வீடுகளில் ஃபேன் நின்றது. பற்றரியும் அதற்கேற்ற இன்வேட்டரும் இருந்தால்தான் தப்பலாம். அதே ஆண்டு சித்திரை வருடப்பிறப்பு விடுமுறையில் பாவனை குறைந்ததால், பகலில் கூரைச் சோலாரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டதும் உனக்கு நினைவிருக்கும். பற்றரி இனி ஆடம்பரம் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

நாம் லைனுக்குக் கொடுக்கும் மின்சாரத்துக்குக் கிடைக்கும் விலையைப் பழைய ஆட்களிடம் கேட்காதே. 2016இல் கூரைச் சோலார் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு முதல் 7 வருடம் யூனிட்டுக்கு 22 ரூபா, பிறகு 15.50. இப்போது கட்டணம் வேறு, உன் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

உன் வீட்டுக் கூரை ஓடா, அஸ்பெஸ்டஸ் சீற்றா? சீற் என்றால் துளை போடுமுன் எனக்குப் படம் எடுத்து அனுப்பு. பேத்தியின் படத்தையும் சேர்த்து அனுப்பு, மனிசி கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
குமார்