சிறைக்குள் போய்ச் சேராத உத்தரவுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அடுத்த பெருந்தொற்றுக்கு நாம் எந்த அளவுக்கு ஆயத்தமாக இருக்கிறோம் என்பது குறித்துத் தங்கள் நாளிதழ் அண்மையில் வெளியிட்ட கட்டுரையை ஊன்றிப் படித்தேன். மருத்துவமனைப் படுக்கைகள், ஆக்சிஜன் இருப்பு, தடுப்பூசிக் கிடங்குகள், இணையவழி வகுப்புகள் என்று பலவற்றையும் பேசிய அந்தக் கட்டுரையில் சிறைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கட்டுரையாளரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை; 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் நாம் எல்லோருமே சிறைகளை அப்படித்தான் மறந்திருந்தோம். 31 ஆண்டுகள் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பித்துவிட்டு, ஓய்வுக்குப் பின், இலவச சட்ட உதவி வழங்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலராகச் சில ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், அந்த நாட்களில் நான் கண்டதையும் அதிலிருந்து எனக்குப் புரிந்ததையும் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நீதிமன்றங்கள் சிறைகளை மறக்கவில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். நாடு தழுவிய ஊரடங்கு தொடங்குவதற்கு இரண்டு நாட்கள் முன்பே, 2020 மார்ச் 23 அன்று, தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. ஒவ்வொரு மாநிலமும் ஓர் உயர் அதிகாரக் குழுவை அமைத்து, யார் யாரை இடைக்காலப் பிணையிலோ பரோலிலோ விடுவிக்கலாம் என்று முடிவு செய்ய வேண்டும் என்றும், ஏழாண்டு வரை தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில் சிக்கியவர்களை இதற்குக் கருதலாம் என்றும் அந்த உத்தரவு கூறியது. அதே மார்ச் 23 அன்று அதே நீதிமன்றம் இன்னோர் உத்தரவையும் பிறப்பித்தது. வழக்காடிகள் நேரில் வர இயலாத நிலையில், மனுக்களையும் மேல்முறையீடுகளையும் தாக்கல் செய்வதற்கான காலவரம்பை அது நீட்டித்தது. முதல் உத்தரவு சிறைக் கதவைத் திறக்க வந்தது. வழக்காடிகளின் வசதிக்காக வந்த இரண்டாவது உத்தரவோ, சில இடங்களில் அந்தக் கதவை மீண்டும் அடைக்கப் பயன்படுத்தப்பட்டது. அது எவ்வாறு நடந்தது என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

2020 மே மாதம் இரண்டாவது வாரத்தில், சுமை தூக்கும் வேலை செய்யும் ஒரு பெண்மணி ஐந்து கிலோமீட்டர் நடந்து என் வீட்டுக்கு வந்தார். அவருடைய 22 வயது மகன் மார்ச் முதல் வாரத்தில் இருசக்கர வாகனத் திருட்டு வழக்கில் கைதாகிச் சிறையில் இருந்தான். ஊரடங்கு வந்ததும், குடும்பத்தினர் சிறையில் மனு போட்டுக் கைதியை நேரில் பார்ப்பது நின்றுவிட்டது. திறன்பேசி வழியாகக் காணொலியில் பேச ஏற்பாடு செய்திருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு மறுமுனையிலும் ஒரு திறன்பேசி வேண்டும், அந்தத் தாயிடம் அது இல்லை. அவர் என்னிடம் பிணை கேட்கவில்லை. "ஐயா, அவன் உசுரோட இருக்கானா, அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

சட்ட உதவி வழக்கறிஞரிடம் தொலைபேசியில் பேசிய பிறகுதான் இரண்டு செய்திகள் தெரியவந்தன. மார்ச் கடைசியிலேயே அவனுக்காக இடைக்காலப் பிணை மனு போட முயன்று, வழக்கறிஞர் தனக்காக வாதாடக் கைதி அதிகாரம் அளிக்கும் வக்காலத்துப் படிவத்தைக் கையெழுத்துக்காகச் சிறைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவன் கையெழுத்திட மறுத்துவிட்டான். இரண்டாவது, கைதாகி 60 நாட்கள் கடந்தும் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை. அந்த நிலையில், பிணை தருவதாகக் கைதி முன்வந்தால் அவனை விடுவித்தே ஆக வேண்டும் என்பது அன்று நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 167(2)ஆம் பிரிவு. இது நீதிபதியின் கருணையைப் பொறுத்ததன்று, கைதியின் உரிமை. ஆனால் அதைக் கேட்டு மனு போட்டபோது, காலவரம்பை நீட்டித்த அந்த இரண்டாவது உத்தரவு காவல்துறைக்கும் பொருந்தும் என்று வாதிடப்பட்டு மனு தள்ளுபடியானது.

இந்தக் கேள்வி அப்போது தமிழகம் முழுவதும் எழுந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மே 8 அன்று ஒரு தனி நீதிபதி கைதிக்குச் சாதகமாகவும், மே 11 அன்று மற்றொரு தனி நீதிபதி நேர்மாறாகவும் தீர்ப்பளித்தார்கள். இரண்டாவது தீர்ப்பு மதுரை மாவட்டம் சமயநல்லூர் காவல் நிலைய வழக்கொன்றில் வந்தது. அது உச்ச நீதிமன்றம் வரை சென்றது. காலவரம்பு நீட்டிப்பு வழக்காடிகளுக்காகப் பிறப்பிக்கப்பட்டது, காவல்துறை அதைக் காட்டி ஒருவரைக் கூடுதலாக ஒரு நாள்கூடச் சிறையில் வைக்க முடியாது, ஊரடங்கு நெருக்கடிநிலைப் பிரகடனம் ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்த நாள் 2020 ஜூன் 19.

அந்தத் தேதியை நான் மறக்க முடியாததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதே ஜூன் 19 மாலையில்தான் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கைபேசிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஒரு தந்தையும் மகனும் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அங்கே அடித்து நொறுக்கப்பட்ட அவர்கள், நடுவரின் காவல் உத்தரவோடு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். 22ஆம் தேதி இரவு மகனும் 23ஆம் தேதி காலை தந்தையும் இறந்தார்கள். கைது குறிப்பாணை, சாட்சியின் கையெழுத்து, உறவினருக்குத் தகவல், மருத்துவப் பரிசோதனை என்று டி.கே.பாசு வழக்கில் 1996இலேயே உச்ச நீதிமன்றம் வகுத்த விதிகள் காவல் நிலையச் சுவர்களில் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரே நாளில் தில்லியில் ஓர் உரிமை காப்பாற்றப்பட்டது. சாத்தான்குளத்தில் அந்தச் சுவரெழுத்து யாரையும் காப்பாற்றவில்லை.

ஆனால் அந்தக் காவல் நிலையத்தில் பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், விசாரணைக்கு வந்த நீதித்துறை நடுவரிடம் தான் கண்டதைச் சொன்னார். தன் மேலதிகாரிகளும் சக காவலர்களும் சூழ்ந்திருந்த இடத்தில், அச்சத்தோடுதான் சொன்னார், ஆயினும் சொன்னார். மனித உரிமைக் கல்வி என்று நாம் பெயரிட்டு அழைப்பது கடைசியில் இப்படிப்பட்ட ஒருவரை உருவாக்குவதற்காகத்தான் என்று நான் எண்ணுகிறேன். காவலர் பயிற்சிப் பள்ளிகளில் அவருடைய சாட்சியத்தைப் பாடமாக வைக்க வேண்டும்.

என்னிடம் வந்த தாயின் மகன் ஜூன் கடைசி வாரத்தில் வெளியே வந்தான். வக்காலத்தில் ஏன் கையெழுத்திடவில்லை என்று கேட்டேன். அது குற்றத்தை ஒப்புக்கொள்ளும் தாள் என்று நினைத்ததாகச் சொன்னான். காவல் நிலையத்தில் ஏற்கெனவே சில தாள்களில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள், இதுவும் அப்படித்தான் என்று பயந்தேன் என்றான். சிறைச் சுவரில் இலவச சட்ட உதவி பற்றிய அறிவிப்பு இருந்ததா என்றால், இருந்தது, படிக்க வரவில்லை என்றான். அவன் நான் பணியாற்றிய பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். அரசியலமைப்பின் 21, 22ஆம் உறுப்புகளை நான் ஆண்டுதோறும் ஐந்து மதிப்பெண் வினாவாக நடத்தினேன். கைது செய்யப்பட்டவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளலாம் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டேன். ஒரு வக்காலத்துப் படிவம் எப்படி இருக்கும் என்று ஒரு மாணவனுக்கும் நான் காட்டியதில்லை. இதை நினைத்து நான் வருந்தாத நாள் குறைவு.

நாடு முழுவதற்குமான கணக்கும் இதையே காட்டுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி, 2019 இறுதியில் இந்தியச் சிறைகளில் 4,78,600 பேர் இருந்தார்கள். விடுவிப்பு உத்தரவுகள் எல்லாம் வந்த பிறகு, 2020 இறுதியில் 4,88,511 பேர் இருந்தார்கள். தண்டனைக் கைதிகளின் எண்ணிக்கை 1,44,125இலிருந்து 1,12,589ஆகக் குறைந்தது. விசாரணைக் கைதிகளின் எண்ணிக்கையோ 3,30,487இலிருந்து 3,71,848ஆக உயர்ந்தது. 2021 இறுதியில் அது 4,27,165. குற்றம் நிரூபிக்கப்பட்டவர்கள் வெளியே போக, நிரூபிக்கப்படாதவர்கள் உள்ளே சேர்ந்துகொண்டே இருந்தார்கள். நீதிமன்றங்கள் முடங்கியதும், கைதுகள் அந்த அளவுக்கு முடங்காததும் இதற்குக் காரணம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிணை கிடைத்தாலும் இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும், அவர்களுக்குச் சொத்துச் சான்று வேண்டும், அதைக் கொடுக்க வேண்டிய அலுவலகங்கள் ஊரடங்கில் பூட்டிக்கிடந்தன.

தமிழகச் சிறைகளில் மொத்தக் கொள்ளளவைவிடக் குறைவானவர்களே இருக்கிறார்கள், வட மாநிலங்களின் நெரிசல் இங்கில்லை என்று சிலர் ஆறுதல் சொல்வதுண்டு. அது உண்மையாகவே இருக்கட்டும். இடம் தாராளமாக உள்ள சிறையிலும், தன் உரிமை தெரியாத ஒருவன் தேவைக்கு மேல் ஒரு மாதம் கிடக்கிறான் என்பதுதான் நான் பார்த்தது.

திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்ட் பழங்குடி மக்களிடையே வாழ்ந்த அருட்தந்தை ஸ்டேன் சுவாமியை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. விசாரணையின்றி வாடும் பழங்குடி இளைஞர்களுக்காக நெடுங்காலம் பாடுபட்ட அவரே 2020 அக்டோபர் 8 அன்று, 83ஆம் வயதில், சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கைதாகி மும்பை அருகே தலோஜா சிறையில் அடைக்கப்பட்டார். நடுக்குவாத நோயால் குவளையைப் பிடிக்க முடியாத அவர், உறிஞ்சுகுழல் உள்ள குவளைக்காக நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. தம்மோடிருந்த ஏழை விசாரணைக் கைதிகள் பலருக்குத் தங்கள் மீதுள்ள குற்றச்சாட்டு என்னவென்றே தெரியாது என்று சிறையிலிருந்து அவர் எழுதினார். தம் துன்பத்துக்கு நடுவிலும் அவர் கண்ணில் பட்டது இதுதான். பிணை மனு நிலுவையில் இருக்கும்போதே, கொரோனா தொற்றுக்கும் ஆளாகி, 2021 ஜூலை 5 அன்று மருத்துவமனையில் காலமானார்.

என் கோரிக்கை புதிதன்று. 1979இல் சுனில் பத்ரா இரண்டாம் வழக்கில், தில்லி திகார் சிறையில் சக கைதி ஒருவருக்கு நேர்ந்த சித்திரவதை பற்றி ஒரு கைதி எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்ற உச்ச நீதிமன்றம், கைதிகளுக்குச் சட்ட விழிப்புணர்வு ஏற்பட இந்தியில் ஒரு கையேடு தயாரித்து வழங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தீர்ப்பை எழுதிய நீதிபதி கிருஷ்ணய்யர் தாமே ஒரு காலத்தில் சிறையிலிருந்தவர், பின்னர் கேரளத்தில் சிறைத் துறை அமைச்சராகவும் இருந்தவர். கைதிகளை நடத்த வேண்டிய முறை குறித்து ஐ.நா. 2015இல் ஏற்ற மண்டேலா விதிகளில் 54ஆம் விதியும், சிறைக்குள் வரும் ஒவ்வொருவருக்கும் அவருடைய உரிமைகளையும் சட்ட உதவி பெறும் வழியையும் எழுத்தில் தர வேண்டும் என்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாய்மொழியாகச் சொல்ல வேண்டும் என்கிறது அடுத்த விதி. அந்த "வாய்மொழியாக" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. எனவே தமிழில் எளிய கையேடு ஒன்றைச் சிறைக்குள் வரும் ஒவ்வொருவருக்கும் முதல் 24 மணி நேரத்துக்குள் கொடுத்து, படித்தும் காட்ட வேண்டும். மத்திய சிறைகளில் மட்டுமன்றி, யாருடைய கண்ணும் எளிதில் படாத கிளைச் சிறைகளிலும் இது நடக்க வேண்டும். வக்காலத்து என்றால் என்ன, குற்றப்பத்திரிகைக்கான கெடு எது, அடித்தால் நடுவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பவை அதில் முதல் பக்கங்களில் வர வேண்டும்.

காணொலி வழியாகக் காவல் நீட்டிப்பு செய்யும்போது கைதிக்கு அருகிலோ திரையிலோ ஒரு வழக்கறிஞர் இருப்பது கட்டாயமாக வேண்டும். தொற்று வந்து மனு பார்ப்பது நிறுத்தப்படும் நாளிலேயே, திறன்பேசி இல்லாத குடும்பத்தினர் அருகிலுள்ள வட்ட சட்டப்பணிகள் குழு அலுவலகத்துக்குச் சென்று தங்கள் பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் வசதி தொடங்கப்பட வேண்டும்.

பள்ளிகளைப் பொறுத்தவரை, மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட மனித உரிமை அமைப்பான மக்கள் கண்காணிப்பகம் 1997 முதலே பள்ளிகளில் மனித உரிமைக் கல்வியை நடத்திக் காட்டியிருக்கிறது. அந்த அனுபவத்தை அரசு எடுத்துக்கொண்டு எட்டாம் வகுப்புக்குள்ளேயே கொண்டுவர வேண்டும். சிறைக்குப் போகும் பிள்ளைகளில் பலர் அதற்குப் பிறகு பள்ளியில் இருப்பதில்லை.

சட்டம் முன்பைவிட இன்று கைதிக்குச் சாதகமாகவே இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு, முதல்முறை வழக்கில் சிக்கியவர் அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தைக் கழித்திருந்தால் பிணையில் விடச் சொல்கிறது. அதற்கு விண்ணப்பிக்கும் கடமையைச் சிறைக் கண்காணிப்பாளர் மீதே சுமத்துகிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. பிணைத்தொகை கட்ட இயலாத ஏழை விசாரணைக் கைதிக்கு உதவும் ஒன்றிய அரசின் திட்டமும் 2023 முதல் இருக்கிறது. இவற்றை அறிந்த கைதி எத்தனை பேர் என்று சிறைத் துறை ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தங்கள் நாளிதழ் சிறை நூலகங்களுக்கும் போகிறது. காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், வழக்கறிஞர் இலவசமாகக் கிடைப்பார் என்பதையும், சட்ட உதவிக்காகக் குடும்பத்தினர் அழைக்க வேண்டிய 15100 என்ற எண்ணையும், வக்காலத்தில் கையெழுத்திடுவது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது என்பதையும் வாரம் ஒரு நாள் சிறு பெட்டிச் செய்தியாகப் பெரிய எழுத்தில் வெளியிடுங்கள். உள்ளே இருப்பவர்களில் படிக்கத் தெரிந்த ஒருவர் மற்றவர்களுக்கு அதை வாசித்துக் காட்டுவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
விருதுநகர் மாவட்டம்.