ஆண்டறிக்கை: நெமேயா போய் வந்த கதையும், ரசீது இல்லாத இருபது யூரோவும்

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். ஏதென்ஸ், பிரேயஸ் வட்டாரத் தமிழர்களான நம் சங்கத்தின் ஆண்டறிக்கையைச் செயலாளர் என்ற முறையில் வாசிக்கிறேன்.

பொங்கல் விழா நடந்தது. மழை வந்ததால் பானையை உள்ளே மின்னடுப்பில் ஏற்றினோம், பொங்கியது, வழியவில்லை. தமிழ் வகுப்பு, ஆசிரியைக்கு வேலை மாற்றலாகிச் சிங்கப்பூர் போனதோடு நின்றுவிட்டது. நிர்வாகக் குழு நான்கு முறை கூடியது. அதில் இரண்டு முறை போதிய ஆள் சேரவில்லை.

மீதி அறிக்கை முழுவதும் மார்ச் மாத முதல் ஞாயிறன்று நெமேயா என்ற பழங்கிரேக்க ஊருக்கு நாம் போய் வந்த சுற்றுலா பற்றியது. வரவு செலவுக் கணக்கில் ‘நெமேயா, 20 யூரோ, ரசீது இல்லை’ என்று ஒரு வரி இருக்கிறது. தணிக்கை பார்த்தவர் அதைச் சிவப்பு மையில் சுழித்து வைத்திருக்கிறார். அதற்கு விளக்கம் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் நீளும்.

அந்த ஞாயிறைத் தேர்ந்தெடுத்தவர் பொருளாளர். இங்கே நவம்பர் முதல் மார்ச் வரை மாதத்தின் முதல் ஞாயிறு அன்று அரசுத் தொல்லியல் இடங்களில் நுழைவுச்சீட்டு கிடையாது. பதினேழு பேர் கிளம்பினோம். வேன் முக்கால் மணி நேரம் தாமதம். அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை, இனி அவர்களிடம் போகவும் போவதில்லை.

வழியில் கொரிந்து கால்வாய்ப் பாலத்தில் இறங்கி எட்டிப் பார்த்தோம். 1893-இல் திறந்த கால்வாய். நீளம் 6 கிலோமீட்டருக்குச் சற்று மேல், அகலம் சுமார் 25 மீட்டர்தான். கப்பலில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற நம் துணைத்தலைவர், தான் ஓட்டிய எந்தக் கப்பலும் இதற்குள் மூக்கைக்கூட நுழைக்க முடியாது என்றார். அதைப் பெருமையாகச் சொன்னாரா வருத்தமாகச் சொன்னாரா தெரியவில்லை.

அப்புறம் நெமேயா. கிரேக்கப் புராண வீரன் ஹெராக்லீஸ் சிங்கத்தைக் கொன்றதாகக் கதை சொல்லும் ஊர். இன்று எங்கு பார்த்தாலும் திராட்சைத் தோட்டம். மார்ச் மாதமாதலால் இலை ஒன்றுகூட இல்லை, கவாத்து செய்த கட்டைகள்தான் வரிசை வரிசையாக நின்றன. நடுவில் ஜீயஸ் கோயில். கி.மு. 330 வாக்கில் கட்டியது. அதன் தூண்களில் மூன்று மட்டும் விழாமல் இத்தனை நூற்றாண்டும் நின்றிருக்கின்றன. விழுந்த துண்டுகளைப் பொருத்தி மேலும் சிலவற்றை நம் காலத்தில் நிமிர்த்தியிருக்கிறார்கள். மற்றவை விழுந்தபடியே சரிந்து கிடக்கின்றன, வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்கிச் சாய்த்து வைத்தது மாதிரி. பிள்ளைகளுக்கு நிற்கும் தூண்களைவிட இந்த வில்லைகள்தான் பிடித்தன.

ஒலிம்பியா, டெல்ஃபி, இஸ்த்மியா, நெமேயா என்று அந்நாளில் கிரேக்கர் எல்லோரும் கூடிய விளையாட்டு விழாக்கள் நான்கு. இங்கே கி.மு. 573-இல் தொடங்கியது என்பது மரபு. ஒஃபெல்தீஸ் என்ற குழந்தையைச் செவிலி கீழே, காட்டுச் செலரிச் செடிமேல் கிடத்திவிட்டு, தாகத்தோடு வந்த படைவீரர்களுக்கு ஊற்றைக் காட்டப் போனாளாம். திரும்பி வருவதற்குள் பாம்பு கடித்துக் குழந்தை இறந்துவிட்டது. அதன் நினைவாகத்தான் இந்த விளையாட்டு. நடுவர்கள் கறுப்பு உடுத்தினார்கள், வென்றவனுக்குச் செலரித் தழையில் கிரீடம். கைக்குழந்தையோடு வந்திருந்த நம் உறுப்பினர் இதைக் கேட்டதும் பிள்ளையைத் தள்ளுவண்டியிலிருந்து எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். மாலை வரை இறக்கவில்லை.

கோயிலிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி ஓட்டப்பந்தயத் திடல். வீரர்கள் உள்ளே வர 36 மீட்டர் நீளத்துக்கு வளைகூரை போட்ட ஒரு சுரங்கவழி. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் மில்லர் தலைமையில் நடந்த அகழாய்வில், 1978-இல் வெளிப்பட்டது. சுவரில் அந்தக் காலத்துப் பையன்களின் கிறுக்கல் இன்னும் இருக்கிறது. ‘அக்ரொதாதொஸ் அழகன்’ என்று ஒருவன் எழுத, பக்கத்திலேயே இன்னொருவன் ‘எழுதினவனுக்கு’ என்று சேர்த்திருக்கிறான். நம் ஊர் மலைக்கோயில் பாறைகளில் ஆணியால் கீறியதைப் பார்த்துத் திட்டி வளர்ந்த எனக்கு, 2300 ஆண்டு ஆனால் மன்னித்துவிடலாம் என்று தோன்றியது.

தொடக்கக் கோட்டுக் கல்லில் கால்விரல் பதிக்க இரண்டு பள்ளங்கள் உண்டு. 1996 முதல் இங்கே மறுபடியும் விளையாட்டு நடத்துகிறார்கள். யார் வேண்டுமானாலும் வெறுங்காலில், வெள்ளை அங்கி போட்டு ஓடலாம். அங்கி இல்லாவிட்டால் என்ன என்று தலைவரும் பொருளாளரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினார்கள். முடிவை நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் சேர்க்கவில்லை.

பிற்பகல் இரண்டரைக்குப் பசி. பெயர்ப்பலகையில் பாதி எழுத்து அழிந்த ஒரு தவேர்னா, அதாவது சிறு உணவுக்கடை. தாத்தா அடுப்பில், பாட்டி மேசையில், ஏழு வயதுப் பேத்தி ரொட்டிக் கூடையோடு. மேசைக்குக் காகித விரிப்பு, காற்றில் பறக்காமல் கிளிப். சைவக்காரர்கள் ஆறு பேர் தயங்கினார்கள். நான் ‘நிஸ்திசிமோ’ என்றேன், நம் மொழியில் விரதச் சாப்பாடு. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் அது. பாட்டிக்கு அடுத்த கேள்வியே இல்லை. வேகவைத்து எலுமிச்சையும் எண்ணெயும் விட்ட காட்டுக்கீரை, பெரிய மொச்சை, தாளிக்க மறந்த பருப்பு மசியல் போல இருந்த ஃபாவா. மற்றவர்களுக்குத் திராட்சைச் சுள்ளி நெருப்பில் வாட்டிய ஆட்டு விலாத்துண்டு. மதுவைக் கிலோ கணக்கில் கேட்கும் வழக்கத்தைப் பொருளாளர் அன்றுதான் அறிந்தார். அரைக் கிலோ என்றதும், தராசு எங்கே என்று தேடினார்.

பில் வந்தது. தலைக்கு இருபது யூரோ வசூலித்திருந்தோம், பதினைந்துகூட ஆகவில்லை. ஆரஞ்சுக் கேக்கும் இரண்டாவது சுற்று மதுவும் பில்லில் இல்லை. பொருளாளர் விரலால் காட்டினார். பாட்டி ‘கெரஸ்மா’ என்று கையை வீசிவிட்டுப் போய்விட்டார். வீட்டார் உபசாரம், பணம் வாங்கமாட்டார்கள்.

சரி, சும்மா எழுந்து வர முடியுமா? நம் மூத்த உறுப்பினர் அம்மா ஒருவர், ஊரில் உறவினர் வீட்டிலிருந்து கிளம்பும்போது செய்வது போலவே, பேத்தியின் கையில் இருபது யூரோவைத் திணித்து விரல்களை மூடிவிட்டார். குழந்தையிடம் ரசீது கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அதைப் பார்த்த பாட்டி உள்ளே போனார், ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில் நிறையத் தங்கள் தோட்டத்து ஆலிவ் எண்ணெயோடு வந்தார், வேன் கதவை மூடுமுன் உள்ளே வைத்துவிட்டார்.

அந்த எண்ணெயைச் சங்கத்தின் வரவில் காட்ட வேண்டாமா என்றும் தணிக்கை பார்த்தவர் கேட்டிருக்கிறார். அது சித்திரை முதல் நாள் கத்தரிக்காய் வதக்கலில் தீர்ந்துவிட்டது. அவரும் இரண்டு முறை போட்டுக்கொண்டார்.

மேற்படி இருபது யூரோவுக்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.